‘லிட்டில்’, ‘எ லிட்டில்’: நடுவில் ஒரு ‘தான்’

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனசு கனத்துப்போனது. பர்மாவில், மோல்மைனில் ஒரு அரிசிக் கிடங்கில் இரண்டு வருடம் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியபோது, ‘எனக்குக் கணக்கு வேலையில் கொஞ்சம் அனுபவம் உண்டு’ என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஹாவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுன்ட்ஸ்’ என்று எழுதிவிட்டீர்கள். அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்துவிட்டது. ‘லிட்டில் என்றால் கொஞ்சம் என்றுதான் அகராதியில் இருக்கிறது, இதில் என்ன தப்பு அக்கா? ஃபியூ, லிட்டில், மச், மெனி, லெஸ், சம், எனி எல்லாமே குழம்புகிறது’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகராதி தப்பில்லை. ஆனால் அது பாதியைத்தான் சொன்னது. நீங்கள் எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சரியாகச் சொன்னால், ‘எனக்குக் கணக்கு வேலையில் அனுபவம் அவ்வளவாக இல்லை’ என்று ஆகும். வேலை கேட்டுப் போனவர் வாசலில் நின்று, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது.

நான் யாங்கோனில் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டில் வைத்து நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 1981-லிருந்து இந்த நாட்டுப் பள்ளிகளில் பாலர் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. அத்தனை வருடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்கூட தடுக்கி விழும் இடம் இந்த அளவுச் சொற்கள்தான். பிள்ளைகளிடம் குறை இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் என்று இரண்டு மொழியை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தை மட்டும் வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளத் தேவையானதெல்லாம் அந்த இரண்டு மொழியிலும் ஏற்கனவே இருக்கிறது.

முதலில் உங்களைத் தடுக்கிவிட்ட சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அரிசிக் கணக்குப் பார்த்தவர். பால் டின்னால் அரிசி அளக்கும் இந்த ஊர்க் கணக்கில் எட்டுப் பால்டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு தின் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு அரிசிப் பானையில் மூன்று பால்டின் அரிசி கிடக்கிறது என்று வையுங்கள். மத்தியானம் மாமா ஒருவர் மட்டும் வருகிறார். அம்மா பானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் அரிசி இருக்கு, உலை வைக்கிறேன், இருங்கண்ணே’ என்கிறார். இது ‘எ லிட்டில் ரைஸ்’. அதே மூன்று பால்டின். மாமாவோடு அவர் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் வந்து இறங்குகிறார்கள். அம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, ‘கொஞ்சம்தான் அரிசி இருக்கு, ஓடிப்போய் ரெண்டு பியி வாங்கிட்டு வா’ என்கிறார். இது ‘லிட்டில் ரைஸ்’.

அரிசியின் அளவு மாறவே இல்லை. மாறியது அம்மாவின் மனம். முதலில் இருப்பதைப் பார்த்தார், அப்புறம் இல்லாததைப் பார்த்தார். நாம் இந்த வித்தியாசத்தை ஒரு ‘தான்’ போட்டுக் காட்டுகிறோம். ஆங்கிலம் முன்னால் இருக்கிற ‘எ’யை எடுத்துவிட்டுக் காட்டுகிறது. எண்ண முடிந்தவற்றுக்கு ‘ஃபியூ’, அளக்க மட்டும் முடிந்தவற்றுக்கு ‘லிட்டில்’. மற்றபடி இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்தார்கள். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர்தான் வந்தார்கள், கூட்டம் சேரவில்லை. எழுதுவதற்கு முன் மனதுக்குள் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். ‘தான்’ வந்தால் ‘எ’ போகும். ‘தான்’ வராவிட்டால் ‘எ’ நிற்கும்.

இந்த ஒரு கணக்கு வேறு சில முடிச்சுகளையும் அவிழ்த்துவிடும். ‘ஒன்லி ஃபியூ பீப்பிள்’ என்று நம் ஆட்கள் நிறைய எழுதுகிறார்கள். ‘ஒன்லி’ என்பதே நம் ‘தான்’. ‘ஃபியூ’வுக்குள்ளும் ஒரு ‘தான்’ ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. ‘சிலர்தான்தான்’ என்று நாம் சொல்வோமா? அதனால்தான் ‘ஒன்லி எ ஃபியூ பீப்பிள்’ என்று எழுத வேண்டும். ‘வெரி’ அப்படி இல்லை. அது குறைவை இன்னும் குறைத்துக் காட்டுகிற சொல், ஆகவே ‘எ’ இல்லாத ‘ஃபியூ’வோடுதான் சேரும்: ‘வெரி ஃபியூ’, ‘வெரி லிட்டில்’. இருக்கிறது என்று சொல்ல வரும் ‘எ ஃபியூ’வோடு அது ஒட்டாது.

‘குவைட் எ ஃபியூ’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஏதோ சிலபேர் என்று தோன்றும். உண்மையில் அதற்கு ‘கணிசமான பேர்’ என்று பொருள். இதுவும் நமக்குப் புதிதில்லை. ‘அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை’ என்கிறோமே, அதற்கு நிறையப் பட்டார் என்றுதானே அர்த்தம். சின்ன அளவைச் சொல்லும் சொல்லை வைத்தே பெரிய அளவைச் சொல்லும் வழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. அதேபோல ‘தி லிட்டில் மணி ஐ ஹாட்’ என்றால் ‘என்னிடம் இருந்த கொஞ்சநஞ்சப் பணமும்’. ஒருவர் தன் நஷ்டத்தைச் சொல்லும்போது இந்தச் சொல் வந்தால், இருந்ததெல்லாம் போய்விட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பேச்சில் ஆங்கிலேயர்கள் ‘எ’ இல்லாத ‘ஃபியூ’, ‘லிட்டில்’ இரண்டையும் அதிகம் பயன்படுத்துவதில்லை. அவை கொஞ்சம் எழுத்துநடைக்கு உரியவை. ‘ஐ ஹாவ் ஃபியூ ஃபிரெண்ட்ஸ் இன் யாங்கோன்’ என்பதற்குப் பதில் ‘ஐ டோன்ட் ஹாவ் மெனி ஃபிரெண்ட்ஸ்’ என்பார்கள். நீங்களும் அப்படியே பேசுங்கள். நாமும் ‘அதிகப் பேரைத் தெரியாது’ என்றுதானே சொல்கிறோம்.

அடுத்தது ‘மச்’, ‘மெனி’. தமிழ் தெரிந்தவருக்கு இதில் பயமே வேண்டாம். நம்மிடம் எத்தனை, எவ்வளவு என்று இரண்டு கேள்விச் சொல் இருக்கின்றன. எத்தனை மாடு, எத்தனை பேர், எத்தனை மூட்டை: இதெல்லாம் ‘ஹவ் மெனி’. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்: இதெல்லாம் ‘ஹவ் மச்’. பணத்தைக் கையில் வைத்து எண்ணுகிறோமே, அது ஏன் ‘மச்’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாம் எண்ணுவது பர்மியப் பணமான சாட் நோட்டுகளை. எத்தனை சாட் என்றால் ‘மெனி’, எவ்வளவு பணம் என்றால் ‘மச்’. தமிழிலேயே இரண்டும் பிரிந்து நிற்கின்றன பாருங்கள். நேரமும் அப்படித்தான்: எவ்வளவு நேரம், ஆனால் எத்தனை மணி நேரம், எத்தனை தடவை.

ஒரே சிக்கல், இப்போது நம் பேச்சில் எவ்வளவு என்ற சொல் எத்தனையைத் தள்ளிவிட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. ‘கல்யாணத்துக்கு எவ்வளவு பேரு வந்தாங்க?’ என்று சர்வ சாதாரணமாகக் கேட்கிறோம். அப்படிப் பேசிப் பழகிய வாயிலிருந்துதான் ‘ஹவ் மச் பீப்பிள்’ வருகிறது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதலில் திருத்துவது தமிழைத்தான். ‘எத்தனை பேரு’ என்று ஒரு மாதம் சொல்லிப் பழகினால், ‘ஹவ் மெனி’ தானாக நாக்கில் வந்து நிற்கும்.

‘மச்’, ‘மெனி’, ‘ஃபியூ’ மூன்று சொல்லையும் ஒரே வரியில் பார்க்க வேண்டுமானால், 1940 ஆகஸ்ட் 20 அன்று சர்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் விமானப் படையினரைப் பற்றிச் சொன்ன வாக்கியம் இருக்கிறது. ‘நெவர் இன் தி ஃபீல்ட் ஆஃப் ஹ்யூமன் கான்ஃப்ளிக்ட் வாஸ் ஸோ மச் ஓவ்ட் பை ஸோ மெனி டு ஸோ ஃபியூ.’ பட்ட கடனை எண்ண முடியாது, அதனால் ‘மச்’. கடன்பட்ட ஜனங்களை எண்ணலாம், அதனால் ‘மெனி’. கடன் கொடுத்தவர்கள் ஒரு கைப்பிடி விமானிகள்தான். அந்தத் ‘தான்’ இருப்பதால் ‘எ’ இல்லாத ‘ஃபியூ’.

‘மச்’ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ஐ ஹாவ் மச் வர்க்’ இலக்கணப்படி தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் காதுக்கு ஒட்டாது. ‘மச்’ பெரும்பாலும் கேள்வியிலும் இல்லை என்று சொல்லும் வாக்கியத்திலும்தான் வரும். இருக்கிறது என்று சொல்ல ‘எ லாட் ஆஃப் வர்க்’ என்பதே இயல்பு. ‘எ லாட் ஆஃப்’, ‘ப்ளென்டி ஆஃப்’ இரண்டும் நம் ‘நிறைய’ மாதிரி. நிறைய ஆடு என்றும் சொல்லலாம், நிறையப் பால் என்றும் சொல்லலாம். வினையை மட்டும் பின்னால் வரும் பெயரைப் பார்த்துப் போடுங்கள்: ‘எ லாட் ஆஃப் கோட்ஸ் ஆர்’, ‘எ லாட் ஆஃப் மில்க் இஸ்’.

சரி, எத்தனை, எவ்வளவு கணக்கு எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம். நாம் எண்ணுகிற சிலவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஈக்விப்மென்ட், ஹோம்வர்க், நியூஸ். இவற்றோடு ‘எஸ்’ சேர்க்கக் கூடாது, முன்னால் ‘எ’யும் போடக் கூடாது. நியூஸில் இருக்கும் ‘எஸ்’ பன்மை இல்லை. ‘தி நியூஸ் இஸ் குட்’ என்பதே சரி.

நாற்காலியும் மேசையும் கண்ணெதிரே நிற்கும்போது ஃபர்னிச்சரை ஏன் எண்ணக் கூடாது? இதை விளக்கப் பல வருடம் திணறியிருக்கிறேன். ஒரு நாள் வீடு மாற்றும்போது விடை கிடைத்தது. லாரிக்காரரிடம் என் மாமியார், ‘தட்டுமுட்டுச் சாமானெல்லாம் முதல்ல ஏத்துப்பா, மூட்டைமுடிச்செல்லாம் அப்புறம்’ என்றார். அப்போதுதான் பொறி தட்டியது. நான்கு நாற்காலி என்று சொல்கிறோம், நான்கு தட்டுமுட்டு என்று யாராவது சொல்வோமா? ஐந்து மூட்டை உண்டு, ஐந்து மூட்டைமுடிச்சு உண்டா? தட்டுமுட்டு என்பதுதான் ஃபர்னிச்சர், மூட்டைமுடிச்சு என்பதுதான் லக்கேஜ். ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மொத்தத்தையும் ஒரு குவியலாகப் பார்க்கும் சொற்கள் அவை. நாற்காலியும் பையும் எண்ணப்படும், அவற்றின் குவியல் எண்ணப்படாது. நம் மொழியிலும் இந்தப் பார்வை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சுலபமாகிவிட்டது.

வேலை தேடுகிற உங்களுக்கு இதே வகையில் ஒரு ஜோடி முக்கியம். ‘வர்க்’ குவியல், ‘ஜாப்’ எண்ணப்படுவது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ வர்க்’ என்று எழுதாதீர்கள். ‘லுக்கிங் ஃபார் வர்க்’ அல்லது ‘லுக்கிங் ஃபார் எ ஜாப்’.

அட்வைஸும் இன்ஃபர்மேஷனும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியவை. நாம் ‘இரண்டு தகவல்’ என்போம், ஆங்கிலம் சொல்லாது. ஆனால் எண்ணியே ஆக வேண்டும் என்றால்? இங்கேதான் பர்மியம் கைகொடுக்கிறது. போன வருடம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நோட்டில் ‘மை மதர் கேவ் மீ டூ அட்வைசஸ்’ என்று எழுதியிருந்தாள். நான் அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை. ‘டீக்கடையில் ஒரு டீ பர்மியத்தில் எப்படிக் கேட்பாய்?’ என்றேன். ‘லப்பயே தக்வெ’ என்றாள். தக்வெ என்றால் ஒரு கோப்பை. காகிதம்? ‘செக்கு தயுவெ’, ஒரு இலை காகிதம். சோப்பு? ‘சப்பியா தத்தோங்’, ஒரு கட்டி சோப்பு. பர்மியத்தில் பொதுவாக எதையும் வெறும் எண்ணைப் போட்டு எண்ணுவதில்லை. மனிதருக்கு ‘யௌ’, மிருகத்துக்குக் ‘கௌங்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணுச்சொல் எண்ணோடு சேர்ந்து வரும். ‘ஆங்கிலத்தில் குவியல் சொல் வந்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் ஆங்கிலம் பர்மியம் மாதிரி நடந்துகொள்ளும், நடுவில் ஒரு எண்ணுச்சொல்லைத் தேடு’ என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘டூ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று எழுதினாள். ‘எஸ்’ எங்கே என்றதும் சரியாகப் ‘பீசஸ்’ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

எ கப் ஆஃப் டீ, எ ஷீட் ஆஃப் பேப்பர், எ பார் ஆஃப் சோப், எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன். பன்மை எப்போதும் எண்ணுச்சொல்லில்தான் ஏறும்: ‘டூ கப்ஸ் ஆஃப் டீ’, ‘த்ரீ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்’. கடையில் ‘டூ டீஸ்’ என்று ஆங்கிலேயர் கேட்பதும் உண்டு. கோப்பை என்பதை இரு பக்கமும் புரிந்துகொண்டதால் அங்கே அது தப்பில்லை. ‘எ பேப்பர்’ என்றால் பெரும்பாலும் செய்தித்தாள் என்று பொருள் மாறிவிடும்.

பர்மியம் உதவுகிற மாதிரியே கெடுக்கவும் செய்யும். தமிழிலும் ‘ஐந்து வீசை வெங்காயம்’, ‘பத்து மாடு’ என்று எண்ணுக்குப் பின்னால் ‘கள்’ இல்லாமலே சொல்கிறோம். பர்மியத்திலும் எண் வந்தபின் பன்மை தேவையில்லை. இரண்டு பக்கமும் தேவையில்லாத ஒன்றை மூன்றாவது மொழியில் நினைவு வைப்பது கஷ்டம்தான். ‘ஃபைவ் புக்’ என்று எழுதிவிடுகிறோம். இதற்கு ஒரே வழி, எழுதி முடித்தபின் எண்கள் இருக்கும் இடத்தை மட்டும் மறுபடி ஒரு முறை பார்ப்பது. வீசை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பர்மியர் ‘பெய்தா’ என்று சொல்லும் எடையை ஆங்கிலத்தில் ‘விஸ்’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல் நம் வீசையிலிருந்து போனதுதான். இங்கே அது சுமார் 1.63 கிலோ. நாற்பது பலம் கொண்ட பழைய தமிழ்நாட்டு வீசை அதைவிடச் சின்னது. நம் அளவுச் சொல் ஒன்று கடல் தாண்டி வந்து ஆங்கில அகராதியில் ஏறியிருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்று எழுதுவது இன்னொரு பரவலான தப்பு. ‘என் நண்பரில் ஒருவர்’ என்றா சொல்கிறோம்? ‘நண்பர்களில் ஒருவர்’ என்கிறோம். ஆங்கிலமும் அதேதான்: ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’. வினை அந்த ஒருவருக்கு உரியது, அதனால் ‘இஸ்’.

இனி ‘லெஸ்’, ‘ஃபியூவர்’. பள்ளியில் சொல்வது: எண்ணுவதற்கு ‘ஃபியூவர்’, அளப்பதற்கு ‘லெஸ்’. ‘ஃபியூவர் பேக்ஸ்’, ‘லெஸ் ரைஸ்’. பரீட்சையிலும் வேலைக் கடிதத்திலும் இப்படியே எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது வானத்திலிருந்து விழுந்த விதி இல்லை. எண்ணக்கூடியவற்றுக்கும் ‘லெஸ்’ போடுவது ஆல்ஃபிரெட் அரசர் காலத்திலிருந்தே, அதாவது ஆயிரம் வருடத்துக்கு மேலாக, ஆங்கிலத்தில் இருக்கிறது. 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’ நன்றாக இருக்கும் என்று தன் விருப்பமாகத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். பிரிட்டனில் பெரிய கடைகளில் ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று பலகை வைப்பதும் அதைத் தப்பு என்று சிலர் சொல்வதும் நெடுநாள் வழக்கு. 2008-ல் டெஸ்கோ கடைகள் அதை ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றி இரண்டு சொல்லையும் தவிர்த்துவிட்டன. ஆகவே யாராவது பேச்சில் ‘லெஸ் பீப்பிள்’ என்றால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

இதில் உங்களுக்கு நிஜமாகவே உதவுவது ஒன்று உண்டு. எண் இருந்தாலும் தூரம், காலம், பணம், எடை என்று வந்துவிட்டால் ‘லெஸ்’தான். ‘லெஸ் தன் டென் மைல்ஸ்’, ‘லெஸ் தன் டூ இயர்ஸ்’, ‘லெஸ் தன் ஃபைவ் விஸ்’. பத்து மைலை நாம் ஒவ்வொரு மைலாகப் பார்ப்பதில்லை, ஒரே நீளமாகப் பார்க்கிறோம். அதே காரணத்தால்தான் ‘ஃபைவ் தௌசண்ட் சாட் இஸ் எனஃப்’ என்று ஒருமையில் வருகிறது.

‘நம்பர்’, ‘அமௌண்ட்’ இரண்டும் எத்தனை, எவ்வளவு கணக்கில் அடங்கிவிடும். ‘தி நம்பர் ஆஃப் பேக்ஸ்’, ‘தி அமௌண்ட் ஆஃப் ரைஸ்’. ஆனால் ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் ‘பல’ என்று பொருள், அதனால் ‘எ நம்பர் ஆஃப் பேக்ஸ் ஆர் வெட்’. ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் எண்ணிக்கை, அது ஒன்று, அதனால் ‘தி நம்பர் ஆஃப் பேக்ஸ் இஸ் ஹண்ட்ரட்’ என்று ஒருமை. இந்தக் கடைசி வாக்கியத்தில் ‘ஹண்ட்ரட்’டுக்கு முன்னால் ‘எ’ போட மறக்காதீர்கள், எழுதும்போது நானே விட்டுவிட்டேன்: ‘இஸ் எ ஹண்ட்ரட்’.

‘சம்’, ‘எனி’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நமக்கு இங்கே ‘உம்’ இருக்கிறது. ‘யாரோ வந்தார்கள்’ என்பது ‘சம்ஒன்’. ‘யாரையும் பார்க்கவில்லை’ என்பதில் வரும் அந்த ‘உம்’தான் ‘எனி’: ‘ஐ டிட் நாட் சீ எனிஒன்’. ‘காசு எதுவும் இல்லை’ என்பது ‘ஐ டோன்ட் ஹாவ் எனி மணி’. கேள்வியில் ‘ஆவது’ வரும் இடமும் ‘எனி’க்கு உரியது: ‘யாராவது வந்தார்களா’, ‘டிட் எனிஒன் கம்’. ஆனால் ஒருவருக்கு டீ வேண்டுமா என்று உபசரிக்கும்போது, அவர் வேண்டும் என்று சொல்வார் என்ற எண்ணத்தோடு கேட்பதால், ‘வுட் யூ லைக் சம் டீ’ என்பார்கள். விருந்தாளியிடம் ‘டீயாவது குடிக்கிறீர்களா’ என்று கேட்பதைவிட ‘கொஞ்சம் டீ குடிங்க’ என்று சொல்வதில்தானே நமக்கும் மரியாதை.

நம் ஆட்களுக்கு ‘ரொம்ப’ இன்னொரு கண்ணி. ‘ரொம்ப நல்ல பையன்’, ‘ரொம்ப உப்பு போட்டுட்டே’ இரண்டுக்கும் ஒரே சொல். முதலாவது ‘வெரி’, இரண்டாவது ‘டூ மச்’, அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். ‘யுவர் சர்வீஸ் இஸ் டூ குட்’ என்று கடிதத்தில் எழுதினால், நன்றாக இருப்பதில் ஏதோ குறை இருப்பதுபோல் தொனிக்கக்கூடும். ‘அளவுக்கு மீறி’ என்று தமிழில் சொல்ல முடிந்தால் மட்டும் ‘டூ’ போடுங்கள்.

‘எவ்ரி’, ‘ஈச்’ இரண்டும் நம் ‘ஒவ்வொரு’ மாதிரி, பின்னால் ஒருமைதான் வரும். ‘ஆல்’ என்பது ‘எல்லா’, எண்ணக்கூடியதானால் பன்மை. எல்லாரும், இருவரும் என்று சொல்லி இல்லை என்று முடிக்கும் இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘அவங்க ரெண்டு பேரும் வரல’ என்றால் நமக்கு ஒருவரும் வரவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே ‘போத் டிட் நாட் கம்’ என்று மாற்றினால், ஒருவர் வந்திருப்பாரோ என்று கேட்பவருக்குச் சந்தேகம் வரும். ‘நீதர் ஆஃப் தெம் கேம்’ என்று சொல்லிவிடுங்கள். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ‘நன் ஆஃப் தெம்’.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தில் ‘எ’ மட்டும் சேர்த்து ‘எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று அனுப்பினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் வேண்டாம் தம்பி. இரண்டு வருடம் கணக்கு எழுதியவர் கொஞ்சம் அனுபவம் என்று ஏன் அடக்கி வாசிக்க வேண்டும்? நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் அப்படிச் சொல்வது பணிவு. முகம் தெரியாதவர் படிக்கும் விண்ணப்பத்தில் அது பணிவாகப் போய்ச் சேராது. அளவுச் சொல்லையே எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள்: ‘ஐ ஹாவ் டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுன்ட்ஸ்.’ வேலையில் கிடைக்கும் அனுபவம் குவியல் சொல், அதனால் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ஸில் ‘எஸ்’ வேண்டாம். ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்றால் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்று ஆகிவிடும். அதற்குக் கீழே ஒரு வரியில், கிடங்கில் தினமும் எத்தனை மூட்டை வந்தது, போனது என்று நீங்கள் எழுதி வைத்த கணக்கைச் சொல்லுங்கள். அது எத்தனை, அதனால் ‘தி நம்பர் ஆஃப் பேக்ஸ்’. எழுதிவிட்டு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு முறை காட்டுங்கள். அதே கம்பெனிக்கு இன்னொரு முறை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதல் கடிதத்தில் ஒரு சொல் தவறிவிட்டது என்று நேராகவே சொல்லி எழுதுங்கள்.